கழுத்து பீஸ்

ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பரோட்டா கடை. ராத்திரி ஒன்பதரை. சால்னா வாளியோடு வந்த பையன், போகிற போக்கில் என் அக்கா மகன் தட்டில் ஒரு சிக்கன் துண்டைப் போட்டுவிட்டுப் போனான். கழுத்து பீஸ்.

"மாமா, எனக்குக் கழுத்து வேணாம். லெக் பீஸ் கேளுங்க."

லெக் பீஸ் தீர்ந்துவிட்டதாம். லெக் பீஸ் எப்போதுமே நாம் போவதற்கு அரை மணி முன்னால்தான் தீரும். பையன் ஏழாம் வகுப்பு, லீவுக்கு மதுரையிலிருந்து வந்திருக்கிறான், முகம் கோணிவிட்டது. சமாதானப்படுத்த என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் விஞ்ஞானம்.

"டேய், இது சாதாரணக் கழுத்து இல்லை. டைனோசர் கழுத்து. எலும்பை எண்ணிப் பார்."

எண்ணினான். வெட்டியதில் போனது போக ஒன்பது தேறியது. முழுக்கோழிக்குப் பதினாலு. அவனுக்கும் எனக்கும் ஏழு. எலிக்கு ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழே ஏழுதான், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் அடி ஸ்கேல் நீளம் என்பதுதான் வித்தியாசம். கழுத்தே இல்லாதது போலத் தெரியும் திமிங்கிலத்துக்கும், இதே மன்னார் வளைகுடாவில் கடல்புல் மேயும் ஆவுளியாவுக்கும் ஏழு. பால் கொடுக்கும் ஜாதியில் இந்தச் சட்டத்தை மீறியவர்கள், மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தும், ஆவுளியாவின் அயல்நாட்டு உறவுக்காரனான மனாட்டியும்தான்.

பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் சட்டம் கிடையாது. எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். சீனாவில் கிடைத்த மாமென்சிசாரஸ் என்கிற ஆசாமிக்குக் கழுத்தில் பதினெட்டு, பத்தொன்பது எலும்புகள். அதில் ஒரு வகைக்குக் கழுத்து மட்டும் 15 மீட்டர் என்று 2023-இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் டவுன் பஸ்ஸைவிட நீளம். கழுத்து மட்டும்.

"மாமென்சியா? உங்க சொந்தமா மாமா?"

"சாப்பிடுடா."

"நம்ம ஊர்ல அந்த மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சே. அரியலூர் பக்கம். உலகத்துலயே அதுதான் பெரிசுன்னுகூடச் சொல்றாங்க."

அவன் கழுத்து பீஸைக் கீழே வைத்துவிட்டான். "எந்த மியூசியத்துல வெச்சிருக்காங்க? நாளைக்கே போலாமா?"

வாயில் பரோட்டா இருந்தது நல்லதாகப் போயிற்று. மென்று விழுங்கிவிட்டு, "நாளைக்குப் பாம்பன் பாலம்" என்றேன். இந்த ஜில்லாவில் வேலை பார்க்கிறவன், வருகிற விருந்தாளியின் எல்லாச் சங்கடமான கேள்விகளுக்கும் சொல்லுகிற பதில் அது.

பாம்பனில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். 1988-இல் திறந்த ரோடு பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் பார்ப்பது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகிறது. சௌகரியம்தான். ஆனால் 1914-இல் திறந்து 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பழைய பாலம், கப்பலுக்கு வழிவிடும்போது இரண்டு பாதியாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும். இரண்டு நீளக்கழுத்து மிருகங்கள் கடலைக் கடந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற மாதிரி. அதை மனிதர்களே கம்பி பிடித்துச் சுற்றித் தூக்குவார்கள். அத்தனை டன் இரும்பை எப்படித் தூக்க முடிந்தது என்றால், பின்பக்கம் அதற்கு ஈடாக எடை இருந்தது. சின்னப் பையன்கள் ஏறும் ஸீஸாவின் தத்துவம்.

நீளக்கழுத்து டைனோசருக்கு அந்தப் பின்பக்க எடை அதன் வால். இடுப்பை அச்சாக வைத்து முன்னால் கழுத்து, பின்னால் வால். நான் பள்ளியில் பார்த்த படங்களில் வாலைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போகும். தப்பு. அவை நடந்த தடங்கள் உலகம் முழுக்கக் கல்லாகக் கிடைத்திருக்கின்றன. வால் இழுபட்ட கோடு அநேகமாக எதிலும் இல்லை. வால் அந்தரத்தில்தான் இருந்திருக்கிறது. கால்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்துக்குப் போய்த் தூண்களைப் பார்த்தால் போதும். மடங்காமல் நேராக, எடை முழுவதும் செங்குத்தாகத் தரைக்கு இறங்குகிற மாதிரி. கடைசிக் காலத்து டைட்டனோசார்களுக்கு முன்னங்காலில் விரல்கள்கூட அநேகமாகக் கிடையாது. உள்ளங்கை எலும்புகளே கட்டுக்கம்பு மாதிரி நிமிர்ந்து நின்றன.

"இவ்ளோ வெயிட்டை வெச்சுக்கிட்டு எப்படி மாமா நடக்கும்? தண்ணில மிதந்தா ஈஸியா இருக்கும்ல?"

பையனைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய பெரிய புரொபசர்கள் சொன்னதும் இதுதான். இத்தனை பெரிய உடம்பைத் தரையில் தாங்க முடியாது, ஆகவே இவை ஏரிக்குள் ஆழத்தில் நின்றுகொண்டு, கழுத்தை மட்டும் மேலே நீட்டி மூச்சு விட்டிருக்கும் என்றார்கள். புத்தகங்களில் படமும் வரைந்தார்கள். எனக்குக்கூட அழகான யோசனையாகத்தான் பட்டது, பாம்பன் டீக்கடையில் அந்தப் பெரியவரைச் சந்திக்கும்வரை.

பெரியவர் கீழக்கரைப் பக்கத்துக்காரர். வாலிப வயதில் சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று பாகம், நாலு பாகம் இறங்கி, மணலில் சங்கைத் தேடி எடுத்து வருவது தொழில். அவரிடம் கேட்டேன்: "ஏன் பாய், ஒரு நீள டியூபை வாயில வெச்சுக்கிட்டு, மறு முனையைத் தண்ணிக்கு மேல விட்டா, மூச்சு அடக்காமலே இருக்கலாம்ல?"

சிரித்தார். "சின்ன வயசுல பண்ணிப் பாத்திருக்கோம் தம்பி. இடுப்பளவு தண்ணிக்கு மேல போனா இழுக்க முடியாது. நெஞ்சை அமுக்கிப்புடும். மேல இருந்து மிஷின் வெச்சுக் காத்தைத் தள்ளுனாத்தான் உண்டு."

1951-இல் கெர்மாக் என்கிற இங்கிலாந்து விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாராம்சம் பாய் சொன்னதேதான். நெஞ்சு ஆறேழு மீட்டர் ஆழத்தில் இருந்தால், தண்ணீரின் அழுத்தம் விலா எலும்பை விரியவிடாது. மேற்பரப்பிலிருந்து காற்றை உள்ளே இழுக்கவே முடியாது. ஏரி டைனோசர் அத்தோடு மூச்சுத் திணறிச் செத்தது. (முன்னாலேயே யாராவது கீழக்கரைக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம்.)

தரையில் நின்றால் மட்டும் மூச்சு சுலபமா? அங்கேதான் வேடிக்கை. நாம் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்றை இழுக்கிறோம். அதில் 150 மில்லி நுரையீரல்வரை போகாது. குழாயிலேயே நின்றுவிட்டு அடுத்த மூச்சில் வெளியே வந்துவிடும். வெட்டிச் சம்பளக் காற்று. இப்போது 15 மீட்டர் கழுத்துக்கு வாருங்கள். உள்ளே மூச்சுக்குழாய் பத்து சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 118 லிட்டர். ராமநாதபுரம் பாஷையில் எட்டுக் குடம். ஒவ்வொரு மூச்சுக்கும் எட்டுக் குடம் பழைய காற்றை உள்ளே தள்ளிவிட்ட பிறகுதான் புதுக்காற்று வந்து சேரும். நம்முடைய நுரையீரலை அந்த உடம்பில் பொருத்தினால் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விடையைப் பார்க்க ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற சாலையில் வண்டியை நிறுத்தினால் போதும். குளிர்காலம் முடிகிற சமயம். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில், தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. 2025-இல் அரசாங்கம் இந்த இடத்தைப் பூநாரைகளுக்கென்றே சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பூநாரைக் கழுத்தில் பத்தொன்பது எலும்பு. மாமென்சிக்குச் சொன்ன அதே கணக்கு. பையனுக்கு எண்ண ஆசைதான். தூரத்தில் நின்றதால் பூநாரை தப்பித்தது.

பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி ஊதிச் சுருங்கும் பை அல்ல. அது அசையாமல் இருக்கிறது. அதோடு சேர்ந்து உடம்பு முழுக்க மெல்லிய காற்றுப் பைகள், சாதாரணமாக ஒன்பது. துருத்தி வேலையை அந்தப் பைகள் செய்கின்றன. காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடுகிறது, ஒன்வே டிராஃபிக். உள்ளே இழுக்கும்போதும் புதுக்காற்று, வெளியே விடும்போதும் புதுக்காற்று. வீணாகும் எட்டுக் குடத்தை இப்படித்தான் ஈடுகட்ட முடியும். அந்தப் பைகளின் கிளைகள் எலும்புக்குள்ளேயே புகுந்து அதைக் குடைந்தும் விடுகின்றன. கோழியின் மேல் இறக்கை எலும்பை அடுத்த முறை சாப்பிடும்போது உடைத்துப் பாருங்கள். உள்ளே காலி.

நீளக்கழுத்து டைனோசரின் கழுத்தெலும்பிலும் அதே மாதிரி பக்கவாட்டில் ஓட்டைகள், உள்ளே தேன்கூடு மாதிரி அறைகள். நுரையீரல் கல்லாகாது, ஆனால் அது எலும்பில் போட்ட ஓட்டை கல்லாகிவிட்டது. 1994-இல் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் கிடைத்த சாரோபொசைடன் கழுத்தெலும்பு ஒன்றின் நீளம் 1.4 மீட்டர். முதலில் ஏதோ கல்லான மரம் என்றே நினைத்தார்கள். உள்ளே ஸ்கேன் செய்து பார்த்தால் சில இடங்களில் முக்கால் பங்குக்கும் மேல் வெறும் காற்று. எலும்புச் சுவர் முட்டை ஓட்டுக் கனம். நாம் மலையென்று நினைத்தது பாதிக்கு மேல் பலூன். அதனால்தான் அந்தக் கழுத்து ஒடிந்து விழவில்லை. தலையும் சின்னது. யானை மாதிரி அரைத்து மெல்லும் வேலை கிடையாது. பென்சில் மாதிரி பல்லால் இலையை உருவி அப்படியே விழுங்க வேண்டியது, வயிறு பார்த்துக்கொள்ளும். பல் தேய்ந்தால் புதுப் பல். டிப்ளோடாகஸுக்கு ஏறத்தாழ 35 நாளுக்கு ஒரு தரம் முளைத்திருக்கிறது. பல் டாக்டர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

பூநாரை இவற்றின் நேர் வாரிசு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறவைகள், இரண்டு காலில் ஓடிய மாமிசம் தின்னும் டைனோசர்களின் வம்சம். நீளக்கழுத்துக்காரர்கள் பங்காளிகள். பூர்விகச் சொத்தான காற்றுப் பை மட்டும் இரண்டு வீட்டுக்கும் வந்திருக்கிறது.

மூச்சு சரி, ரத்தம்? இங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. ரத்தத்தை ஒரு மீட்டர் உயரம் ஏற்ற 77 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். ஒன்பது மீட்டர் கழுத்தை நேராகத் தூக்கினால் 700. நமக்கு 120 என்பதே நார்மல். 180 என்றால் டாக்டர் ஊறுகாயை நிறுத்திவிடுவார். 1992-இல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் இரண்டு பேர், பாரோசாரஸுக்கு எட்டு இதயம் இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ரிலே. மற்ற விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. கழுத்தை மேலே தூக்கியிருக்காது, கிடைமட்டமாக வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் மேய்ந்திருக்கும் என்பது ஒரு கட்சி. இன்றைய பறவை, மிருகம் எல்லாம் கழுத்தை நிமிர்த்தித்தானே வைத்துக்கொள்கின்றன, இது மட்டும் ஏன் குனிய வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. காரணம் எதுவும் இல்லை. நிமிர்ந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்காக இன்னொரு சமாசாரம். மூளையிலிருந்து குரல்வளைக்கு ஒரு நரம்பு போகிறது. தூரம் ஒரு ஜாண்கூட இல்லை. ஆனால் அது நேராகப் போகாது. கழுத்து வழியாக மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயை ஒரு சுற்றுச் சுற்றி யூ-டர்ன் அடித்து, மறுபடி மேலேறித்தான் குரல்வளைக்கு வரும். அடுத்த மேஜைக்குப் போக வேண்டிய ஃபைல் சென்னை போய் ஒப்புதல் வாங்கிவருகிற மாதிரி. ஒட்டகச்சிவிங்கியில் இந்த வீண் அலைச்சல் நாலு மீட்டருக்கு மேல். பறவைக்கும் முதலைக்கும் இதே சுற்றுவழிதான் என்பதால் டைனோசருக்கும் இருந்தே ஆக வேண்டும். 2012-இல் மாட் வெடல் என்கிற விஞ்ஞானி போட்ட கணக்கில், மிகப் பெரிய நீளக்கழுத்துக்காரர்களுக்கு 28 மீட்டர் வரை வருகிறது. ஏன் இப்படி? பாம்பன் மார்க்கெட்டில் ஒரு விளமீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். இதயம் அங்கேயே, தலைக்குப் பின்னால். கழுத்தே கிடையாது. மீன் காலத்தில் அந்த நரம்பு நேர்வழியில்தான் போனது. பிறகு கழுத்து வளர்ந்தது, இதயம் கீழே இறங்கியது, நரம்பு மாட்டிக்கொண்டது. ரூட்டை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தபோது, பையன் மறக்கவில்லை என்று தெரிந்தது.

"மாமா, அரியலூர் டைனோசர் எங்க இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லை."

சொன்னேன்.

அரியலூர் பக்கத்தில் கல்லமேடு. சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தைய பாறை. (நம் ராமேஸ்வரத்தில் தேடிப் பிரயோஜனமில்லை, இங்கே தரையில் தெரியும் பவளப்பாறைக்குச் சில ஆயிரம் வயதுதான்.) இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் அங்கே கிடைத்த எலும்புகளைப் பற்றி 1987-இல் எழுதினார்கள். இடுப்பெலும்பு, தொடை எலும்பில் ஒரு துண்டு, முன்னங்கால் எலும்பு, வாலில் ஒன்று, அப்புறம் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. அதன் நீளம் 2 மீட்டர். உங்கள் வீட்டு வாசல்படி நிலையில் நிறுத்தினால் மேலே இடிக்காத குறை. அர்ஜென்டினாவின் பெருமையான அர்ஜென்டினோசாரஸுக்கு முழங்காலுக்குக் கீழே 1.55 மீட்டர்தான். பெயர் வைத்தார்கள்: பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி. பிருஹத் காயம் என்றால் பேருடம்பு. மாட்லே, 1929-இலேயே திருச்சிராப்பள்ளி ஜில்லா டைனோசர்களைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர். முதலில் இதை மாமிசம் தின்னும் ஜாதி என்று நினைத்தார்கள். பிறகுதான் இது நீளக்கழுத்து டைட்டனோசார் என்று ஆயிற்று. எலும்பே இல்லை, கல்லான மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமே கிடக்கிறதே. 2023-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு, எடை 110 டன்னுக்கு மேலேயே இருக்கலாம், நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடும் என்றார்கள். தரையில் நடந்ததில் அதற்கு மேல் எதுவும் இல்லை.

"சரி மாமா, எங்க இருக்கு?"

"இல்லடா."

"இல்லைன்னா?"

அந்த எலும்பு தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தது. ஈர மண், மழை. தோண்டி எடுத்துப் பத்திரப்படுத்துவதற்குள் நொறுங்கிப் போய்விட்டது. இப்போது எதுவும் மிச்சமில்லை என்று 2017-இல் அச்சில் வந்தது. சில வரைபடங்கள், கண்டெடுத்த காலத்துப் போட்டோக்கள். அந்தப் போட்டோக்களும் 2022-இல்தான் வெளிவந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் மரம் என்கிற சந்தேகம் பெரும்பாலும் அடங்கியது. 7 கோடி வருஷம் மண்ணுக்குள் இருந்தது, வெளியே வந்து சில மழைகூடத் தாங்கவில்லை. யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உதிர்கிற எலும்பைப் பசை ஊற்றிக் கெட்டிப்படுத்தி, பிளாஸ்டர் கட்டுப் போட்டு, அலுங்காமல் கொண்டுபோக ஆளும் பணமும் வேண்டும். நம் ஊரில் அதே பணத்துக்கு நூறு வேலை காத்திருக்கும். ஆனாலும் 2 மீட்டர் எலும்பு. ஒரு முழுப் போட்டி முடிந்து ஸ்கோர்போர்டை மட்டும் மழை அழித்துவிட்ட மாதிரி, இன்றுவரை உலகம் பூராவும் அதன் எடையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அளந்து பார்க்க ஒரு துண்டு இல்லை.

பையன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அதே பரோட்டா கடை. "என்ன வேணும்?" என்று கேட்டேன். லெக் பீஸ் அன்றைக்கு இருந்தது.

"கழுத்து பீஸ்" என்றான்.

போன வாரம் மதுரையிலிருந்து அக்கா போன் செய்தாள். "என்னடா சொல்லிக் குடுத்து அனுப்பிச்சே இவனுக்கு? கம்பாஸ் பாக்ஸ்ல எறும்பு மொய்க்குதேன்னு திறந்தா, பஞ்சுல சுத்தி எலும்பு வெச்சிருக்கான். அதுக்கு ஒரு சீட்டு வேற ஒட்டியிருக்கான்."

"என்ன எழுதியிருக்கான்?"

"'கோழி. கழுத்து. ராமநாதபுரம். மொத்தம் 14, கிடைத்தது 8.' மீதி ஆறையும் கடைக்காரர்கிட்டக் கேட்டு வாங்கி அனுப்பணுமாம் நீ."